சரியான தேதி

எங்கள் வீட்டில் ஃப்ளாப்பிகளுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்கம், பழுப்பு அட்டை. வெளியிலிருந்து எந்த ஃப்ளாப்பி வந்தாலும் அதன் எண், வந்த நாள், கொண்டுவந்தவர், வைரஸ் சோதனை முடிந்ததா என்ற நான்கையும் அப்பா அதில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்குள் விடுவார். சோதனைக்கு நாலு நிமிடம் ஆகும். முடிவில், வைரஸ் எதுவும் இல்லை என்று திரை பச்சை எழுத்தில் சொல்லும். அப்பா ஒரு டிக் போடுவார். அந்தச் சோதனை மென்பொருள் கம்ப்யூட்டரோடு வந்தது. வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் பிறந்த வைரஸ்கள் எதையும் அதற்கு அடையாளம் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

புனேயில் சாங்வியில் இரண்டாம் மாடி வீடு. அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி என்று அவரோடு சேர்த்து நாலு பேர். சித்தி திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, முளா, பவனா ஆற்றங்கரைப் புற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "மாடு திங்குற புல்லுக்கு அஞ்சு வருசமா?" என்று அம்மா கேலி செய்வாள். "மாடு பேரு கேட்டுட்டா திங்குது? நான் பேரு கேக்குதேன், அதான் நாளாகுது" என்பாள் சித்தி.

நான் ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த ஏப்ரல் அது. சித்தியின் ஆய்வேடு ஐந்து அத்தியாயங்களில் நான்கு முடிந்து ஐந்தாவதில் நின்றது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதம் முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்து விழவில்லையென்றால் வேறு வழிகாட்டி, அவர் ஒப்புக்கொள்ளும் வேறு தலைப்பு, முதலிலிருந்து எல்லாம். அதற்கு ஊரில் வீட்டாரிடமிருந்து அனுமதி கிடைக்காது என்று சித்தி ஒரு தடவைதான் சொன்னாள். யாரும் மறுபடி கேட்கவில்லை. ஐந்து வருடப் புல்லும் எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. நகல் நாலு ஃப்ளாப்பிகளில் இருந்தது.

அந்த நோட்டில் பதியப்படாமல், சோதிக்கப்படாமல் எங்கள் வீட்டுக்குள் வந்த ஃப்ளாப்பி ஒன்றே ஒன்றுதான். அதைக் கொண்டுவந்தவர் அப்பா. எனக்காக அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு செஸ் விளையாட்டு வாங்கி வந்திருந்தார். அலுவலகத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் அடிக்கடி திணறுகிறது என்று சித்தி சொன்னதால் அப்பா கீழ்வீட்டு காகாவை அழைத்து வந்தார். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா; அவர் மராத்திக்காரர். விமானப்படையில் ரேடார் பழுது பார்த்து, லோஹேகாவ் தளத்தில் ஓய்வு பெற்றவர். எங்கள் கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டித் தந்தவரும் அவர்தான். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த புது சிடியைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கிப் பார்த்தார். திரையில் சிவப்பாக மூன்று வரிகள் வந்தன. மூன்று புரோகிராம்களில் வைரஸ். முதல் வரியில் இருந்தது செஸ்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரை வழக்கம்போலத் தொடங்கி, எங்கள் பழைய மென்பொருளை ஓட்டி, அதிலுள்ள எல்லா ஃபைல்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்தார். இருபத்தைந்து நிமிடம் ஓடியது. பச்சை எழுத்து வந்தது. அப்பா காகாவைப் பார்த்தார். காகா தன் சிடியை மறுபடி ஓட்டினார். இப்போது சிவப்பு வரிகள் திரையில் அடங்காமல் மேலே மேலே ஓடின.

"சாப், ஆப்னே தோ சப்கோ லகா தியா!" என்று காகா தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லாருக்கும் ஒட்ட வைத்துவிட்டீர்களே என்று அர்த்தம். அந்த வைரஸ் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த புரோகிராமை யார் தொட்டுத் திறந்தாலும் அதிலும் ஏறிக்கொள்ளும். அப்பாவின் சோதனை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தொட்டுத் திறந்திருந்தது.

அப்புறம் காகா சிரிப்பதை நிறுத்தினார். இந்த வைரஸ் இருபத்தாறாம் தேதி எழுந்து, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வட்டை அழிக்கும் என்று சொன்னார். இலவச சிடி கண்டுபிடிக்கும், துடைக்காது. துடைக்கும் மருந்தோடு, சுத்தமான கம்ப்யூட்டரில் தயாரித்த ஃப்ளாப்பி ஒன்று வேண்டும். நாசிக்கில் நண்பரிடம் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்காக காகா நாளைக் காலை அங்கேதான் போகிறார், செவ்வாய்க்கிழமை இருபத்தேழாம் தேதி திரும்புவார்.

"அதுவரைக்கும் பெட்டியைத் தொடாம இருக்க முடியுமா?" என்று அப்பா சித்தியிடம் கேட்டார்.

"அத்தான், இன்னும் முப்பது பக்கம் கெடக்கு. தொடாம எப்படி?"

காகா ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துவிடுங்கள். அதைப் பொறுத்தவரை இருபத்தாறு வரவே வராது. அன்று மாலையே அப்பா தேதியைப் பத்து என்று மாற்றினார்.

இவை எல்லாம் நடந்தபோது நான் பாட்டு வகுப்பில் இருந்தேன். காகா சிரித்ததைக்கூட பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு விஷயம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் சொல்வது அப்பாவின் வழக்கம். எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு நாளைக்கு சித்தி மட்டும்தான் கம்ப்யூட்டர்ல உக்காருவா." எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சீட்டும் எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டினார்.

அந்த விளிம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வரும் தினக் காலண்டர் உண்டு. தினமும் காலையில் தேதித் தாளைக் கிழிப்பது என் வேலை. ஒரு நாளும் மறந்ததில்லை. கிழித்த தாளைச் சித்தியிடம் கொடுப்பேன். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் அவள் தனக்கு நினைவுக் குறிப்புகள் எழுதி மானிட்டரைச் சுற்றி ஒட்டுவாள். எப்போதும் எட்டு, பத்துச் சீட்டுகள் தொங்கும். எல்லாம் தமிழில். அப்பாவின் சீட்டும் காலண்டர் தாள்தான், அதுவும் தமிழில்தான். வீட்டுக்குள் எழுதுவது தமிழில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

எனக்குத் தமிழ் பேச வரும். ஒரு விடுமுறையில் எழுத்துகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கற்றுவிட்டதாக அப்பா நம்பினார். அச்செழுத்தை விரல் வைத்துக் கூட்டிப் படிப்பேன். அப்பாவின் வேகமான கையெழுத்தும் சித்தியின் கோழிக் கிறுக்கலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு அப்போதே டைரிப் பழக்கம் உண்டு. தினமும் காலையில் பத்து நிமிடம் கம்ப்யூட்டரில் எழுத எனக்கு அனுமதி இருந்தது. குறிப்பு எழுதும் எளிய புரோகிராம் ஒன்றில் ஒரு விசையை அழுத்தினால் அன்றைய நேரமும் தேதியும் தானாக வந்து விழும். அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. சனியும் ஞாயிறும் எழுத முடியவில்லை. இரண்டு நாள் இடைவெளி எனக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. ரெண்டு நாளைக்கு என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். ரெண்டு நாள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. அப்பா ஏழேகாலுக்கு பஸ்ஸுக்குப் போனார். அம்மா கீழே பால் வாங்கப் போனாள். சித்தி முந்தின நாளெல்லாம் தட்டச்சு செய்த களைப்போடு எழுந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் உட்கார்ந்தேன். விசையை அழுத்தினேன். 7:31 என்று நேரம் சரியாக வந்தது. பக்கத்தில் தேதி பதின்மூன்று.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சற்றுமுன் நானே கிழித்துவிட்ட காலண்டரில் பெரிதாக இருபத்தாறு. கம்ப்யூட்டர் பதின்மூன்று நாள் பின்தங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மூலையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தரம் தட்டினேன். சின்னக் காலண்டர் ஒன்று திறந்தது. அதில் இருபத்தாறின் மேல் அம்பை வைத்து அழுத்தி, சரி என்ற பொத்தானையும் அழுத்தினேன். முன்கை படும் உயரத்தில், வலப்பக்க விளிம்பில், அப்பாவின் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்த தவறான தேதியை அழித்துவிட்டு மறுபடி விசையை அழுத்தினேன். சரியாக வந்தது. சனிக்கிழமைக்கு மூன்று வரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வரி எழுதிச் சேமித்தேன். குளியலறையில் இன்னும் தண்ணீர் சத்தம் கேட்டது. ஒரு ஆட்டம் ஆடலாம் என்று செஸ்ஸைத் திறந்தேன்.

பலகை பாதி வந்தது. கறுப்புக் காய்கள் மட்டும் வந்து நின்றன. அம்பு நகரவில்லை. உள்ளே வட்டு விடாமல் உறுமியது, ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். பிறகு திரை முழுக்க நீலம். பயந்துபோய் மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினேன். நீலம் போய்க் கறுப்பு வந்தது. ஆன் செய்ததும் எப்போதும் வருகிற அந்த ஒற்றைக் கீச்சொலி வரவில்லை. எழுத்து எதுவும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

சித்தி தலையில் துண்டோடு வந்தாள். கறுப்புத் திரையைப் பார்த்தாள். என்னைத் தள்ளாமல், நான் எழுந்திருக்கும்வரை நின்று, பிறகு உட்கார்ந்தாள். அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள்.

"என்னட்டி ஆச்சு?"

"தெரியல சித்தி. தானா நின்னு போயிட்டு."

பால் பாத்திரத்தோடு வந்த அம்மா வாசலிலேயே கேட்டாள். "ஏட்டி, எதையாவது நோண்டினியா?"

"இல்லம்மா."

சித்தியின் முடியிலிருந்து தண்ணீர் கீபோர்டில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. விளிம்பிலிருந்த சீட்டுகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இன்னைக்குத்தானே இருபத்தாறு" என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, வைரஸையும் தேதியையும் அப்பா செய்ததையும் அம்மாவுக்கு மறுபடி நினைவூட்டுவதுபோல ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கேட்கக் கேட்க நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது. இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மாலையில் அப்பா வந்ததும் முதலில் பார்த்தது தன் சீட்டைத்தான். அது ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது.

"தேதியத் தொடக் கூடாதுன்னு தெளிவா எழுதிருக்கேனே. நம்ம வீட்டுல இதப் படிச்ச பெறகு யாரு தொடப் போறா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தச் சீட்டே எனக்குச் சாட்சி சொல்லி விடுவித்துவிட்டது. சற்று நேரம் கழித்து அவரே தீர்ப்பும் சொன்னார். "நான்தான் மாத்திட்டு, சரிங்கிற பொத்தான அழுத்தாம மூடிருப்பேன். பத்துன்னு கண்ணுல பட்டதும் மாறிட்டுன்னு நெனச்சிருப்பேன்."

சித்தி அந்த இரண்டு நாளும் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்தவள், தேதி மாறியிருந்ததைக் கண்ணால் கண்டவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"பரவால்ல அத்தான். ஃப்ளாப்பி நாலும் இருக்குல்லா? அஞ்சாவது மட்டும்தான் போச்சு."

அப்பா நோட்டை எடுத்து வந்து திறந்து காட்டினார். சனிக்கிழமை தேதியிட்டு, வீட்டிலிருந்த பதினெட்டு ஃப்ளாப்பிகளுக்கும் நேராக 'அழிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். ஃப்ளாப்பி மூலமாகத்தான் பரவும் என்று காகா சொன்னதால், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வெறுமையாக்கியிருந்தார். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபிறகு புதிதாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையான திட்டம்.

"நாலையுமா?" என்றாள் சித்தி.

"நாலையும்."

"என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய!" என்று அம்மா கத்தினாள். அப்பா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சித்தி எழுந்து பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவை இன்னும் காயவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பா லீவு போட்டிருந்தார். அன்று மதியம் காகா நாசிக்கிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் சிப்பையும் வைரஸ் அழித்துவிட்டது, பெட்டி இனி எழாது என்றார். ஆனால் வட்டு வேறு. "புத்தகத்தில் பொருளடக்கத்தைத்தான் கிழித்திருக்கிறது. பக்கங்கள் உள்ளே இருக்கலாம்" என்று இந்தியில் சொன்னார். இருக்கலாம் என்ற அந்தச் சொல்லைச் சித்தி இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். காகா வட்டைக் கழற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் துண்டில் பொதிந்து கீழே கொண்டுபோனார். நாசிக்கிலிருந்து கொண்டுவந்த சுத்தமான ஃப்ளாப்பியின் ஓரத்திலிருந்த சிறு தடுப்பை நகர்த்தி, அதில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, அதைக் கொண்டே தன் கம்ப்யூட்டரைத் தொடங்கினார். இந்த ஒழுங்கைப் பார்த்து அப்பாவின் முகம் சுண்டிப் போனது.

அன்று மாலையிலும் மறுநாள் காலையிலும் சித்தி இரண்டு மாடிகளுக்கிடையே படி ஏறி இறங்கினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன், பதினாலு தடவை. ஒவ்வொரு தடவை அவள் ஏறும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அவள் உள்ளே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் முதல் கேள்வி, சீட்டைப் பார்க்கவில்லையா என்பதாக இருக்கும். பார்த்தேன் என்றால் வேண்டுமென்றே செய்தவள். படிக்கத் தெரியாது என்றால் அது அதைவிடக் கேவலம் என்று அந்த வயதில் தோன்றியது.

புதன் பகல் பன்னிரண்டு மணிக்குக் காகா குரல் கொடுத்தார். எல்லாரும் இறங்கி ஓடினோம். அவருடைய பிரிண்டர் கரகரவென்று நீளமான தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. மீட்ட ஃபைல்களின் பட்டியல். பெயர், அளவு, கடைசியாகச் சேமித்த தேதி, நேரம். சித்தி பென்சிலோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திரையில் திறந்து பார்க்கச் சொல்லி, சரியாக இருந்தால் டிக் போட்டாள். முதல் அத்தியாயம், டிக். இரண்டு, டிக். மூன்று. நான்கு. ஐந்தாவதைத் திறந்தபோது சதுரங்களும் கேள்விக்குறிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. காகா தலையை ஆட்டினார்.

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். "நாலு கெடச்சுட்டுல்லா. அஞ்சு என் கையெழுத்துல இருக்கு. அடிச்சிரலாம்" என்றாள்.

அடிக்க வேண்டியது முப்பத்தொரு பக்கம். இருந்தது புதன் பிற்பகலும் வியாழனும். வியாழக்கிழமை எங்கள் பகுதியில் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் கிடையாது. காகா பழைய லாரி பேட்டரிகள் இரண்டைப் பூட்டி வைத்திருந்தார். ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம் தாங்கும், அதற்குமேல் தன்னைக் கேட்காதீர்கள் என்றார். அவர் வீட்டு மேசையில் சித்தி உட்கார்ந்தாள். அம்மா கையெழுத்துப் பிரதியை வாசித்தாள். அட்டவணைகளில் இருந்த புற்களின் லத்தீன் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்வது என் வேலை. அவை ஆங்கில எழுத்தில் இருந்ததால் எனக்குத் தடங்கல் இல்லை. தொண்ணூற்றாறு பெயர். ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சித்தி சேமித்தாள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பா புது ஃப்ளாப்பியில் நகல் எடுத்தார்.

உட்காருவதற்கு முன்னால் சித்தி அந்த மானிட்டரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். எப்போதும்போலத் தமிழில் எழுதி, அதன் கீழேயே ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று இன்னொரு வரி. காகாவுக்காக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை நாலு இருபதுக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. ஃப்ளாப்பியை வெளியே எடுத்த இரண்டாவது நிமிடம் திரை சுருங்கி அணைந்தது. "பஸ், மேரி பேட்டரி பி மர் கயி", அவ்வளவுதான், என் பேட்டரியும் செத்தது என்று காகா கைகளை விரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். வெள்ளி காலை பக்கத்து ஊரான ஔந்தில் அச்சடித்து, அட்டை போட்டு, மூன்று மணிக்குச் சித்தி கையெழுத்தோடு திரும்பி வந்தாள். கையில் ஒரு பெட்டி பேடா. அப்பாவுக்குத்தான் முதலில் கொடுத்தாள். "என்னால வந்தது எல்லாம்" என்று அவர் ஆரம்பித்தார். "சும்மா இருங்க அத்தான், வாயத் தொறங்க" என்று ஒன்றை அவர் வாயிலேயே திணித்தாள்.

அன்று சாயங்காலம் சித்தி தன் தாள்களை ஒழுங்கு செய்யும்போது அந்த நீளப் பட்டியலை என்னிடம் நீட்டினாள்.

"ஒன் டைரியும் கெடச்சிருக்குட்டி. கடைசில பாரு."

பார்த்தேன். பட்டியல் தேதி வரிசையில் இருந்தது. சித்தியின் ஃபைல்களில் கடைசியாகத் தொட்டவை எல்லாம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தேதி காட்டின. அத்தனைக்கும் அடியில் தனியாக என்னுடையது, இருபத்தாறாம் தேதி, காலை 7:42. அதன் பக்கத்திலும், மற்றவற்றுக்குப் போட்டது போலவே, நிதானமான ஒரு பென்சில் டிக்.

"எல்லாம் இருக்கா?" என்று சித்தி கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சித்தி" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஒரு பேடாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். அந்த நாட்களில் சேமித்த ஃபைல்களில் என்னுடையது ஒன்றில்தான் தேதி சரியாக இருந்தது. எனக்கு அதில் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.